கவர்னர் சொல்லாமல் விட்ட தொப்பிக் கதை

மகன்,

உன் வெள்ளை உடுப்பை அயர்ன் பண்ணி முடித்துவிட்டேன். கழுத்துப் பட்டியை நுனியிலிருந்து நடுப்பக்கமாகத் தேய்த்திருக்கிறேன், அதனால் தோல் உரசாது. பொத்தான்களுக்கு மேல் பெட்டி படாமல் ஒரு துவாயைப் போட்டு அமத்தினேன். "அம்மா, நீங்கள்தான் வடிவா அயர்ன் பண்ணுவீங்கள், கடையில குடுத்தா பழுதாக்கிப் போடுவாங்கள்" என்று எனக்கு ஐஸ் வைத்துவிட்டுப் போனாய். நான் வேலை செய்வதும் ஒரு ட்ரை கிளீனிங் கடையில்தான் என்பது அந்த நேரம் உனக்கு மறந்துபோயிற்று. பரவாயில்லை. உடுப்பு இப்போது உன் பழைய அறை அலுமாரிக் கதவில் தொங்குகிறது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது, அதனால் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் நீ அதிகாரியாகப் பதவி ஏற்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உன் கப்பல் நிற்கிற ஹலிபாக்ஸுக்குப் பிளேன் ஏறுகிறாய். வர ஏலாது, முழங்கால் நோகிறது என்று உன்னிடம் சொன்னேன். நீயும் "ஓகே அம்மா, நோ ப்ராப்ளம், வீடியோ அனுப்பிறன்" என்றாய். முழங்கால் நோவு உண்மை. ஆனால் அதே முழங்காலோடு கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு, பெற்ற பிள்ளைக்காக ஒரு மணித்தியாலம் கதிரையில் இருக்க ஏலாதா? நான் வராததற்குக் காரணம் வேறு. அதை வாயால் சொல்ல முயன்றால் இடையில் அழுதுவிடுவேன், நீ பயந்துபோய் பிளேனையே விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கோயில் பங்கு மலருக்கு "வளர்ந்த பிள்ளைக்கு ஒரு புத்திமதி" எழுதித் தரச் சொல்லி பாதர் கேட்டிருந்தார். இதையே கொடுக்கப் போகிறேன். பிள்ளைகளுக்கு உடுப்பு அயர்ன் பண்ணிக் கொடுக்கிற மற்றத் தாய்மாரும் வாசிக்கட்டும். அச்சாகுமுன் ஒரு பிரதியை உன் உடுப்புப் பையில் வைக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் இருக்கட்டும், எழுத்துக் கூட்டி வாசி. விளங்காத இடத்தை அருளப்பு மாமாவிடம் கேள். அவர் என் அண்ணன் மட்டுமில்லை, அந்தக் காலையில் உன் அப்பாவோடு வள்ளத்தில் இருந்தவரும் அவர்தான்.

நேவியில் சேரப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மிசிசாகாவில் நல்ல ஒபிஸ் வேலை, கார், எல்லாவற்றையும் விட்டுவிட்டு உனக்கு ஏன் இது என்று நான் கேட்கவில்லை. வெங்காயத்தையே வெட்டிக்கொண்டிருந்தேன். நீ "அவோவும் நேவிதானே அம்மா. அவர் கெட்டவரா?" என்று கேட்டாய். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இந்தக் கடிதம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அவோ என்றால் போர்த்துக்கீச மொழியில் தாத்தா. உனக்கு இரத்த உறவு ஒன்றுமில்லை. ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். மன்னாரிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வந்து இறங்கியபோது உனக்கு மூன்று வயது. அருளப்பு மாமா எங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தவர் நெடிய, வழுக்கைத் தலைக் கிழவர். வீட்டுக்குள்ளேயும் கோட் போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை, எத்தனை பேர் என்று கேட்கவில்லை. சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்து நான் சிலுவை போட்டதைக் கண்டார். "அவர் எங்கள் ஊர்க்காரர், லிஸ்பனில் பிறந்தவர்" என்றார். எங்கள் ஊர் அந்தோனியார் எப்படி உங்கள் ஊர்க்காரர் ஆனார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் சாவியைத் தந்துவிட்டார்.

அவருக்குக் கவர்னர் என்ற பெயரை மாமாதான் பகிடியாக வைத்தார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிசன் உண்மையாகவே கவர்னராக இருந்தவர். பதினேழு வயதில் கடற்படைப் பள்ளிக்குப் போனார். கப்பலில் ஏறி, ஒவ்வொரு பதவியாக உயர்ந்து, கப்டனாகி, நாற்பது தாண்டியதும் ஆபிரிக்காவில் ஒரு பெரிய ஆறு கடலில் விழுகிற மாவட்டத்துக்கு அவரைக் கவர்னராக அனுப்பினார்கள். கப்பலை ஓட்டத் தெரிந்தவனுக்கு ஊரை ஆளத் தெரியும் என்று அவர்களின் அரசாங்கம் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். அந்த ஊர்ச் சனங்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே சுதந்திரத்துக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. இவர் ஆற்றங்கரை மாளிகையில் வெள்ளை உடுப்போடு இருந்து கட்டளை போட்டார். பிறகு லிஸ்பனில் ஆட்சி கவிழ்ந்தது, பதவி போயிற்று, நாடும் பிடிக்காமல் போயிற்று. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தார். இங்கே பெரிய ஒபிஸ் கட்டடங்களில் தரை துடைத்தார். அதில் அவருக்கு வெட்கமே இல்லை. "கப்பல் தட்டைத் துடைக்கத்தான் முதலில் பழக்கினார்கள்" என்பார்.

அவருடைய ஆட்களே அவரோடு பெரிதாகப் பழகவில்லை. டண்டாஸ் வீதிக் கோப்பிக் கடைக்குள் அவர் நுழைந்தால் ஒன்றிரண்டு பேர் எழும்புவார்கள், மரியாதைக்கு அல்ல, வெளியே போவதற்கு. அந்தச் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதால் ஊரை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் அவை என்று அவர் மகள் தெரேசா பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னாள். அதனாலேயோ என்னவோ, மனிசன் உன்னைப் பிடித்துக்கொண்டார். நான் வேலையால் வர ஆறு மணியாகும். பள்ளிக்கூட வாசலில் உனக்காக நிற்பவர் அவர்தான். பனியில் உன் பூட்ஸ் ஈரமானால் ஹீட்டரில் காயவைத்து, உள்ளே பழைய பேப்பர் அடைத்து வைப்பார். உனக்கு முடிச்சுப் போடப் பழக்கினார், வானத்தில் வடக்குத் திசை பார்க்கப் பழக்கினார். கோடையில் உன்னைத் தீவுக்குப் போகிற ஃபெரிப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். நீ திரும்பி வந்து, கையைக் காலை ஆட்டி அலை எப்படி வந்தது என்று காட்டுவாய். நான் சமைத்துக்கொண்டே, ஏரியில் ஏது மகன் அலை என்று சொல்லுவேன். ஒருநாளும் நான் கூட வரவில்லை.

அந்தத் தொப்பிக் கதை உனக்கு நினைவிருக்கும். எத்தனை தரம் கேட்டிருப்பாய்! ஆட்சி கவிழ்ந்த செய்தி வந்த பிறகு ஒரு நாள் அவருடைய சொந்த நாட்டு இளம் அதிகாரிகளும் சிப்பாய்களும் அவருடைய மாளிகையைச் சுற்றிக்கொண்டார்கள். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். இவர் வெள்ளை உடுப்பு, தொப்பி, மெடல் எல்லாவற்றோடும் படியிறங்கி வந்தார். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று. தொப்பி பறந்து உருண்டு போயிற்று. கவர்னருக்குத் துப்பாக்கிகள் மறந்துபோயின, வழுக்கைத் தலைதான் நினைவு வந்தது. சட்டென்று குனிந்து தொப்பியை எடுத்தார். அப்போதுதான் எல்லாத் துப்பாக்கியும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. ஒருவனும் சுடவில்லை. அவர்களின் தலைவன், "கவர்னர் தொப்பியைப் போட்டுக்கொள்ளட்டும், பொறுங்கள்" என்றானாம். இவர் தூசியைத் தட்டி, தொப்பியைத் தலையில் வைத்து, திரும்பவும் கையைத் தூக்கினாராம்.

இதை அவர் சும்மா சொல்லமாட்டார், நடித்துக் காட்டுவார். என் இடியப்பத் தட்டுத்தான் தொப்பி. நீ வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு படியடியில் நிற்பாய். அவர் மேலிருந்து கம்பீரமாக இறங்கி வருவார், தட்டு விழும், அவர் குனிவார், நீ "பொறுங்கோ, பொறுங்கோ!" என்று தமிழில் கத்துவாய். "தலைமயிர் இல்லாமல் ஒரு கவர்னர் கைதாகலாமா?" என்று அவர் கேட்பார். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். படிக்கு மேலே நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

இனி வருவதைத்தான் நான் உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

உனக்கு ஒன்பது வயதுக் கோடையில் கவர்னர் என்னைக் கேட்டார், "அம்மணி, நீங்கள் கடற்கரையில் பிறந்தவர். ஏன் ஏரிப் பக்கம்கூட வருவதில்லை?" நீ முற்றத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாய். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் நான் அவருக்குச் சொன்னேன். உன் அப்பாவைக் கடலில் சுட்டார்கள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படி என்று அவருக்குச் சொன்னதை இப்போது உனக்கும் சொல்கிறேன்.

அது சண்டைக் காலம், கடலுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ் என்று ஒரு அனுமதித் துண்டு கொடுத்திருந்தார்கள். பாஸ் இல்லாதவன் பிடிபட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. தண்ணீர் பட்டால் எழுத்துக் கலைந்துவிடும், அதனால் எங்கள் ஆட்கள் அதைப் பொலித்தீனில் சுற்றி அந்தோனியாரிடம் கொடுப்பார்கள். வள்ளத்தின் முன்பலகைக்குக் கீழே ஒவ்வொருவரும் ஒரு அந்தோனியார் படம் வைத்திருப்பார்கள். பெறுமதியான சாமான் எல்லாம் அந்தப் படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அதைவிடப் பத்திரமான இடம் எங்களுக்குத் தெரியாது. உன் அப்பாவும் அங்கேதான் வைத்தார்.

அன்று நன்றாக விடிந்து வெயில் ஏறிவிட்டது. வலையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ரோந்துப் படகு ஒன்று வந்தது. யாருடைய படகு என்று நான் எழுதப் போவதில்லை, அந்தக் கடலில் அப்போது பல படகுகள் திரிந்தன. ஒலிபெருக்கியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டு பேரும் தூக்கினார்கள். பிறகு பாஸ் என்று கேட்டார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் பாஸை எடுக்க ஏலாது. பாஸை எடுக்கப் போனால் கையைத் தூக்க ஏலாது. "மச்சான், அசையாதை" என்று மாமா சொன்னார். "இல்லை மச்சான், காட்டாட்டி பாஸ் இல்லையெண்டு நினைப்பாங்கள்" என்றுவிட்டு உன் அப்பா முன்பலகைப் பக்கம் குனிந்தார். அவர் நிமிரவில்லை. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய்.

கவர்னர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐயோ என்று சொல்லுவார், சிலுவை போடுவார் என்று பார்த்தேன். "அவர் குனிந்திருக்கக் கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் பிழை எங்கே என்று வாத்தியார் காட்டுவது போலச் சொன்னார். "அந்தப் படகில் நின்ற அதிகாரிக்கு எப்படித் தெரியும், அம்மணி? குனிகிறவன் துப்பாக்கி எடுக்கிறான் என்றுதான் நினைப்பான். நானாக இருந்தாலும்..." அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மேலே போனேன். அவர் நிறுத்திய இடத்துக்குப் பிறகு என்ன வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் அந்தத் தொப்பியும் நினைவு வந்தது. கீழ்வீட்டுக் கிழவன் ஒரு தொப்பிக்காகக் குனிந்தான், அவனுக்குப் பொறுத்தார்கள். என் மனிசன் அவர்கள் கேட்ட பாஸுக்காகக் குனிந்தார். அவருக்குப் பொறுக்க ஒருவனும் இல்லை.

வீடு மாறப் போகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் ரெக்ஸ்டேலில் ஒரு அபார்ட்மென்ட் பார்த்துத் தந்தார். நீ அழுதாய், சாப்பிடாமல் கிடந்தாய், "அவோ இல்லாட்டி ஆர் என்னை ஸ்கூலால கூட்டிக்கொண்டு வாறது?" என்றாய். மாமாவும், "பிள்ளை, கிழவனோட கதையாதை. ஆனா பெடியனை அந்தாளிட்டயிருந்து பிரிக்காதை, அவன் ஏங்கிப் போவான்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் வழமைபோல உன்னைக் கூட்டி வந்தார், பூட்ஸ் காயவைத்தார், எங்கள் படிக்கட்டுப் பனியை வழித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. சாகும் வரை கேட்கவில்லை.

இளவேனில் வந்த பிறகு ஒரு நாள் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே வந்தாய். "அம்மா, அவோ தொப்பிக் கதை சொல்லுறாரில்லை. எவ்வளவு கேட்டும் ஐ ஃபொர்கொட் எண்டுறார்." அவருக்கு மறதி தொடங்கிவிட்டது என்று நீ நினைத்தாய். கப்பல் கதை, புயல் கதை, கடற்படைப் பள்ளியில் அடி வாங்கிய கதை எல்லாம் ஒரு சொல் மாறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். உன் அப்பாவைப் பற்றி நான் அவருக்குச் சொன்ன அந்தக் கோடை நாளிலிருந்து சொல்லவில்லை. நீ இடியப்பத் தட்டைக் கொண்டுபோய் அவர் தலையில் வைத்த அன்றும், மெதுவாக எடுத்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நீ யூனிவர்சிட்டியில் இருந்தபோது அவர் செத்தார், நீதான் பெட்டி தூக்கினாய். அந்த வெள்ளை உடுப்போடு புதைக்கச் சொல்லியிருந்தார். தெரேசா அதை என் கடைக்குக் கொண்டுவந்தாள். மடிப்பெல்லாம் மஞ்சள் பிடித்திருந்தது. ஊறவைத்து, அலசி, கஞ்சி போட்டு நானே அயர்ன் பண்ணினேன். என் மனிசனைச் சுட்டவனும் இப்படி ஒன்றைத்தான் போட்டிருந்தானோ என்று நினைத்துக்கொண்டே கழுத்துப் பட்டியைத் தேய்த்தேன். தொப்பியையும் தா, துடைத்துத் தருகிறேன் என்று கேட்டேன். "தொப்பியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார். உங்களிடம் கொடுக்கச் சொன்னார். ஏனென்று உங்களுக்குத் தெரியுமாம்" என்றாள் தெரேசா. கடைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் போய் நின்று அழுதேன். அவருக்காக அழுதேனா, உன் அப்பாவுக்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் கெட்டவரா என்று கேட்டாய். உன் பூட்ஸுக்குள் பேப்பர் அடைத்தவர் அவர். அந்தப் படகில் நின்றிருந்தால் உன் அப்பாவைச் சுடச் சொல்லியிருக்கக் கூடியவரும் அவர். இரண்டும் ஒரே ஆள், ஒரே கை. அதுதான் மகன் என் பயம், ஏனென்றால் நீயும் நல்ல பிள்ளை. என் பிள்ளை நல்லவன், ஒருவரையும் சுடமாட்டான் என்று நம்பித்தான் ஒவ்வொரு தாயும் உடுப்பை அயர்ன் பண்ணிக் கொடுக்கிறாள். அன்று காலை அந்தப் படகில் நின்றவனுக்கும் ஒருத்தி கொடுத்திருப்பாள். அவளை நான் இத்தனை வருடமாகத் திட்டி வந்தேன். இந்தக் கிழமை அவளுடைய இடத்தில் நானே நின்று அயர்ன் பண்ணினேன்.

அதனால்தான் நான் வரவில்லை. நீ அந்த உடுப்போடு தண்ணீர்க் கரையில் நிமிர்ந்து நிற்பாய், எல்லாரும் கை தட்டுவார்கள். என்னால் கை தட்ட ஏலாது, அழாமல் இருக்கவும் ஏலாது. உன் நல்ல நாளில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அழுகையாக நான் இருக்க விரும்பவில்லை. உன்னில் கோபமில்லை, ராசா. போகாதே என்றும் சொல்லமாட்டேன். உனக்குக் கடல் பிடிக்கும், உன் அப்பாவுக்கும் பிடிக்கும். அதை நான் உன் இரத்தத்திலிருந்து கழுவி எடுக்க ஏலாது.

உடுப்புப் பைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே கவர்னரின் தொப்பி. போடாதே, அது போடுவதற்கல்ல. உன் அறையில், கண் படுகிற இடத்தில் வை. என்றைக்காவது ஒரு சின்ன வள்ளத்துக்கு முன்னால் உன் பெரிய கப்பல் நிற்கும். அதில் ஒருவன், நீ சொன்ன சொல் விளங்காமலோ, விளங்கியதாலோ, குனிவான். உனக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் உன் வாயைப் பார்ப்பார்கள். பொறுத்தால் எங்கட ஆளெல்லோ செத்துப்போவான் அம்மா என்று நீ சொல்லுவாய். ஓம் மகன், சிலவேளை அப்படியும் நடக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் உடுப்பு அயர்ன் பண்ணுகிறவள். ஆனால் படியடியில் தும்புத்தடியோடு நின்று நீ கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. அதை ஒருதரம் நினைத்துக்கொள்.

அவன் நிமிரட்டும். நிமிர்ந்த பிறகு கையில் என்ன இருக்கிறது என்று பார். உன் அப்பாவை மாமா கரைக்குக் கொண்டுவந்தபோது விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பாஸை அவர் எடுத்துவிட்டார், மகன். அந்தோனியார் படத்தோடு சேர்த்து, நனையாமல் கையில் இருந்தது. காட்டத்தான் நேரம் கொடுக்கவில்லை.

உன் அம்மா